அப்பாவை நிராகரித்த ஜெர்மனி

என் அப்பா எட்டாவது வரை படித்தவர். மயிலத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம், அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. வெள்ளாமை இல்லாத மாதங்களில் திண்டிவனத்தில் ஒரு மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதுவார். அப்படிப்பட்டவர் புவி இயற்பியலில் முதுகலை படிக்க விண்ணப்பித்ததை ஜெர்மனியில் ஒன்றுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் கவனமாகப் பரிசீலித்து, மிகுந்த வருத்தத்தோடு நிராகரித்திருக்கின்றன. ஒரு கடிதத்தில் அவருடைய மேற்படிப்பு சிறக்க வாழ்த்தும் இருந்தது.

விண்ணப்பித்தது நான். ஆனால் பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் அப்பா பெயரை எழுதியதும் நான்தான். எங்கள் பக்கம் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்று முன்னால் நிற்கும். அதற்கு மேல் ஒருவன் பெயரைத் துருவினால் சாதியை விசாரிக்கிறான் என்று அர்த்தம். பத்தாவது சான்றிதழ், மார்க் ஷீட், பட்டம் எல்லாவற்றிலும் அந்த ஓரெழுத்துதான். “காலியா உட்ருபா, ஒண்ணும் ஆவாது” என்றார் பாரம் நிரப்பித் தந்த அண்ணன். அப்படிக் காலியாக விட்ட ஒரு சீனியருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகி வந்தது எனக்குத் தெரியும். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கமாம் அது. அப்பன் பெயர், பாட்டன் பெயர், குலதெய்வம் பெயர் எல்லாம் தெரிந்த மனுஷன், விமானம் ஏறியதும் பெயர் தெரியாதவராகிவிட்டார். அந்தப் பயத்தில் அப்பாவைக் கட்டத்துக்குள் உட்காரவைத்தேன். அதற்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் “அன்புள்ள திரு.” என்று தொடங்கி அப்பாவைத்தான் விளித்தன.

முதல் நிராகரிப்பை வீட்டில் வாசித்துக் காட்டினேன்.

“நான் எங்கடா அவனுங்கள கேட்டேன்?” என்றார் அப்பா.

“கேக்காதப்பவே இல்லேன்றானுங்க பாரு” என்றாள் அம்மா.

பெயர் போகட்டும். உள்ளே இருந்த சரக்கும் என்னுடையதில்லை.

எஸ்.ஓ.பி. என்று ஒரு கடிதம் வைக்க வேண்டும். இந்தப் படிப்பு எதற்கு, இந்த இடம் எதற்கு, நீ யார் என்பதை ஒன்றிரண்டு பக்கத்தில் சொல்ல வேண்டும். மெக்கானிக்கல் படிக்கப் போன எவரோ ஒருவருடைய எஸ்.ஓ.பி. டெலிகிராமில் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. சிறுவயதில் பொம்மைக் கார்களைக் கழற்றி மாட்டியதில் தொடங்கியது அது. நான் பொம்மைக் காரை எடுத்துவிட்டு ரேடியோவைப் போட்டேன். எங்கள் வீட்டில் ரேடியோ உண்டு. அது அப்பாவினுடையது, தொட்டால் கை முறியும். அதன் பின்மூடி எப்படியிருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புவி இயற்பியல் படிக்க வருகிறவன் ரேடியோவை ஏன் கழற்றினான் என்று அங்கே யாராவது ஒரு பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசித்திருப்பார்.

இதில் எனக்கே வயிறெரிகிற சங்கதி ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமி தோறும் கூட்டம் அம்மும். அதே ஊரில்தான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்த மரங்கள். மண்ணுக்குள் ஊறிய நீரிலிருந்த சிலிக்கா மரத்தின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ள, கணுவும் வளையமும் தெரிய அப்படியே கல்லாகிக் கிடக்கின்றன. 1781-லேயே சொன்னெரா என்கிற பிரெஞ்சு இயற்கையியலாளர் இதைப் பார்த்து எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். காளி கோயிலுக்குப் போகும்போதெல்லாம் தாத்தா அதைக் காட்டி, அசுரனுடைய எலும்பு என்பார். எங்கள் பள்ளியில் சுற்றுலா என்றால் அங்கேதான். அந்தக் கல்மரத்தின் ஓரமாக உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றிருக்கிறேன், கையை வைத்துத் தடவியிருக்கிறேன், உண்மையிலேயே எலும்போ என்று ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன். பூமியைப் படிக்கப் போகிறவன், இதையெல்லாம் விட்டுவிட்டுத் தொடாத ரேடியோவைக் கழற்றினேன். திருவக்கரையை எழுதினால் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவார்களாம்.

ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பேச்சுத் தேர்விலும் இதே புத்திதான். அந்தத் தேர்வு மொத்தமே பதினாலு நிமிடத்துக்கு மேல் போகாது. நடுவில் ஒரு அட்டை தருவார்கள். யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம். யூடியூபைப் பார்த்துச் சில பதில்களை உருப்போட்டு வைத்திருந்தேன்: மனிதர் என்றால் அப்துல் கலாம், புத்தகம் என்றால் ‘அக்கினிச் சிறகுகள்’, இடம் என்றால் தாஜ்மகால். எனக்கு வந்த அட்டை, உங்கள் ஊருக்கு அருகில் வெளியூர்க்காரர்கள் பார்க்க வேண்டிய இடம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றது. செஞ்சிக்கோட்டை இருக்கிறது. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த கோயில் இருக்கிறது. மரக்காணம் உப்பளம் இருக்கிறது. திருவக்கரை இருக்கவே இருக்கிறது. நான் ஷாஜகானில் ஆரம்பித்து மும்தாஜில் முடித்தேன். பளிங்கு, யமுனை, நிலவொளி எதையும் விடவில்லை. எதிரில் இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பஸ்ஸில் அரை மணி நேரம்” என்றேன்.

பேச்சில் 5.5 வந்தது. பல இடங்களில் 6.5 எதிர்பார்த்தார்கள். அந்த அம்மா தாராள மனசுக்காரர் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். நம் கல்லூரிகளில் அதைக் கேட்டுப் போனால் என்ன பதில் வரும் என்பது உலகறிந்தது. “நீயே எழுதிக் கொண்டாந்துடுப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.” என்னைப் பற்றி நானே புகழ்ந்து எழுத வெட்கமாக இருக்கும் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் பத்தி முடிவதற்குள் வெட்கம் விட்டுப்போயிற்று. என் முப்பதாண்டு ஆசிரியப் பணியில் இப்படியொரு மாணவனைக் கண்டதில்லை என்று எழுதினேன். சார் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஆறேழு வருஷம் இருக்கும். அவர் படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, “யாருப்பா இந்தப் பையன், நம்ம டிபார்ட்மெண்டா?” என்றார். முப்பதைப் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடித்த இடத்தோடு அனுப்ப முடியுமா என்று திரும்ப அச்செடுத்தேன். இன்னொரு பேராசிரியருக்கும் ஒன்று எழுதினேன். இருவருடைய நடையும் வேறாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒன்றில் நீள நீளமான வாக்கியம், மற்றதில் சின்னச் சின்ன வாக்கியம். எல்லாம் சரி, இரண்டு பேருமே ‘லேபரட்டரி’ என்ற சொல்லை ஒரே மாதிரி எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்கள். அனுப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது. கல்லூரி முகவரியுள்ள மின்னஞ்சலிலிருந்து கடிதம் வர வேண்டும் என்று சில இடங்களில் கேட்டார்கள். எங்கள் சாருடைய மின்னஞ்சல் அவர் மகள் பெயரும் அவள் பிறந்த வருஷமும் சேர்ந்தது.

டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பல்கலைக்கழகம் தரும் மொத்த மதிப்பெண் பட்டியல், வாங்கிய கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு பெரிய மனிதர் வருகிறார்.

நான் பி.எஸ்சி. படித்த காலத்தில் விழுப்புரம் மாவட்டக் கலைக் கல்லூரிகள் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2021-ல் விழுப்புரத்துக்கென்று டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகம் உருவானது. அதே ஆண்டில் அதைச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கச் சட்டம் வந்தது. இப்போது எங்கள் கல்லூரிகள் சிதம்பரத்தைச் சேர்ந்தவை. இதையெல்லாம் செய்தித்தாளில் படித்திருந்த நான், விவரமானவன் என்ற நினைப்பில் நேராகச் சிதம்பரம் போய் நின்றேன். என் மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தவர், “தம்பி, மேல என்னா போட்டிருக்கு, படிங்க” என்றார். படித்தேன். தெற்கே போனவன் அப்படியே வடக்கே திரும்பினேன்.

திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருப்பது வேலூரை அடுத்த சேர்க்காட்டில். விழுப்புரம் ஜங்ஷனில் காட்பாடி வண்டி ஏறினால் திருக்கோவிலூர், திருவண்ணாமலை, ஆரணி ரோடு, வேலூர் கன்டோன்மென்ட் வழியாகக் கொண்டுபோய் விடும். இதே ஜங்ஷனில் இதே தடத்துக்கு வண்டி மாறிய ஒருவர் உண்டு. 1910-ன் கடைசியில், கல்லூரித் தேர்வில் தோற்று, கல்யாணமும் ஆகி, வேலையில்லாமல் இருந்த கணிதமேதை ராமானுஜன், நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கும்பகோணத்திலிருந்து வந்து விழுப்புரத்தில் இறங்கித் திருக்கோவிலூருக்கு ரயில் மாறினார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அவரிடம் ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர் வேலை தரவில்லை. இந்த மூளையை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்காரவைத்துப் பாழாக்க மனம் வராமல், சென்னையில் கணிதம் தெரிந்தவர்களைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவைத்தார். நம் தாலுகா ஆபீஸ் வரலாற்றில் ஒரு விண்ணப்பத்தை நிராகரித்ததால் விளைந்த நன்மை இதைவிடப் பெரிதாக இன்னொன்று இருக்கும் என்று நான் நம்பவில்லை.

அதன் பிறகு ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர்களான பேக்கருக்கும் ஹாப்சனுக்கும் எழுதி ஒன்றும் நடக்காமல், 1913 ஜனவரி 16 தேதியிட்டு அங்கேயே இருந்த ஹார்டிக்கு எழுதினார். அந்தக் கடிதத்தை எஸ்.ஓ.பி. எழுதுகிற ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்கலாம். சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம் என்று தொடங்குகிறார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறார். பிறகு நேராகக் கணக்கு, பக்கம் பக்கமாக. பொம்மைக் காரும் இல்லை, ரேடியோவும் இல்லை. வயதை மட்டும் சுமார் 23 என்று போட்டிருக்கிறார். அப்போது அவருக்கு 25. அந்த இரண்டு வயது எனக்குப் பெரிய ஆறுதல்.

காட்பாடி வண்டியில் இந்த நினைப்பெல்லாம் சேர்ந்து எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. போகும்போது திருக்கோவிலூர் வந்ததும் எழுந்து கதவருகே போய் நின்று பிளாட்பாரத்தைப் பார்த்தேன். முறுக்கு விற்றவர் இறங்கப்போகிறேன் என்று நினைத்து வழிவிட்டார்.

திரும்பும்போது மடியில் டிரான்ஸ்கிரிப்ட் இருந்தது. சீல் வைத்த கவர். ஒட்டிய மடிப்பின் மேல் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்ப்பும். பிரித்தால் செல்லாது. நான் விண்ணப்பித்த இடங்களில் ஒன்று அப்படித்தான் கேட்டிருந்தது, பிரிக்காமல் அனுப்பு என்று. திருவண்ணாமலை தாண்டியதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது: உள்ளே இனிஷியல் சரியாகப் போட்டிருப்பார்களா? திருக்கோவிலூர் வருவதற்குள் சந்தேகம் என்னைத் தின்றுவிட்டது. ஓரத்தை மெதுவாக நெம்பினேன். மெதுவாகத்தான் நெம்பினேன், ஆனாலும் ஸ்டாம்ப் இரண்டாகக் கிழிந்தது. இனிஷியல் சரியாகவே இருந்தது. பசை தேடினேன். அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சோறு மீதி இருந்தது. பருக்கையை நசுக்கித் தடவினேன். தாளித்த எண்ணெய் இறங்கிய சோறு காகிதத்தில் ஒட்டாது என்பது இயற்பியல் படித்தவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். விழுப்புரத்தில் இறங்கும்போது என் கையில் இருந்தது, மஞ்சள் கறை படிந்த, கடுகு ஒன்று ஒட்டிய, திறந்த கவர். மறுபடியும் சேர்க்காடு. மறுபடியும் கட்டணம். அப்பாவிடம், அவர்கள் தப்பாகக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அந்தப் பொய்யை இன்றுதான் திருத்துகிறேன்: அவர்கள் சரியாகத்தான் கொடுத்தார்கள்.

மதிப்பெண் மாற்றம் வேறு. ஜெர்மனியில் 1 தான் உச்சம், 4 வந்தால் தேர்ச்சி, அதற்கு மேல் போனால் போச்சு. நம் சதவீதத்தை அந்தக் கணக்குக்கு மாற்ற பவேரியன் சூத்திரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 100-க்கு 40 தேர்ச்சி என்றால், என் 72 சதவீதம் 2.4 ஆனது. வீட்டுக்கு வந்த அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன்.

“எத்தினிக்குடா பாஸு?”

“நாலு அத்தை.”

“நாலுக்கு ரெண்டரகூட எடுக்கலியா? பரவால்ல உடு, அடுத்த தபா பாத்துக்கலாம்.”

இப்படிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறேனே தவிர, ஒவ்வொன்றுக்கும் பணம் போய்க்கொண்டிருந்தது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். அதற்கு அப்போது 18,000 ரூபாய். ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸுக்கு ஏறக்குறைய 16,000. யூனி-அசிஸ்ட் என்கிற விண்ணப்பத் தளம் வழியாகப் போட்டால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதற்குப் பின் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஒரு மூட்டை மல்லாட்டை என்ன விலை போகிறது என்று அப்பா சாப்பிடும்போது சொல்வார். நான் மனதுக்குள் யூரோவாக மாற்றிப் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைவேன்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூலை 15. கோடையில் அவர்களுடைய நள்ளிரவு நமக்கு விடிகாலை மூன்றரை. அந்த மூன்றரை மணி நேரத்தை நம்பி அதற்கு முந்தைய மாதம் முழுவதையும் கோட்டைவிட்டேன். மூன்று மணிக்கு அனுப்பிவிட்டு, மூன்றே காலுக்கு எடுத்துப் படித்தபோது, ஒரு நகரத்துக்குப் போன கடிதத்தில் இன்னொரு நகரத்தின் ஆய்வுக்கூடத்தை வானளாவப் புகழ்ந்திருந்தது தெரிந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரே ஓர் இடத்திலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்தது. அதுவும் அப்பா பெயருக்குத்தான். “நான் பாஸாயிட்டனா?” என்று அப்பா மண்டியில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நண்பர்கள் பஸ் நிறுத்தத்தில் ஃபிளக்ஸ் கட்டினார்கள். ஜெர்மனி செல்லும் என் படத்துக்குப் பின்னால் ஈஃபில் கோபுரம். ஃபிளக்ஸ் கடைக்காரரிடம் ஜெர்மனி இல்லையாம்.

இங்கேதான் நான் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்தது. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. வீட்டில் நான் சொன்னது, எல்லாம் இலவசம். ஆனால் விசா வேண்டுமென்றால் ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே முடக்கக் கணக்கு ஒன்றில் போட்டுக் காட்ட வேண்டும். அப்போதைய கணக்கில் மாதம் 934 யூரோவாக அது நமக்கே திரும்பி வரும். 2023-ல் அந்தத் தொகை 11,208 யூரோ, கிட்டத்தட்ட பத்து லட்சம் ரூபாய். இது எனக்கு முதலிலிருந்தே தெரியும். சேர்க்கை கிடைத்தால் அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். உண்மையைச் சொன்னால், கிடைக்காது என்று ஒரு நம்பிக்கை இருந்தது.

வங்கியில் மேலாளர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கேட்டார்: “ஃபீஸே இல்லாத படிப்புக்கு எதுக்கு தம்பி லோனு?” விளக்கினேன். அவருக்கும் புரிந்தது. ஆனால் அந்தத் தொகைக்குச் சொத்து ஜாமீன் வேண்டும். எங்களுடையது விவசாய நிலம், பத்திரம் இன்னும் தாத்தா பெயரில், பட்டா பெரியப்பாவோடு கூட்டுப் பட்டா. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் எடுத்தாலும் பெரியப்பா கையெழுத்துப் போட வேண்டும். வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திப் பல வருஷம். விசாவுக்கு நாள் போதவில்லை. இடம் போயிற்று.

அப்பா திட்டவில்லை. “முன்னாடியே சொல்லியிருந்தா, போன வருஷமே அண்ணங்கிட்ட போயி நின்னிருப்பேனேடா” என்றார். அவர் போய் நிற்கிறவர் இல்லை. எனக்காக நின்றிருப்பார் என்பதை, சேர்க்கை போன பிறகு தெரிந்துகொண்டேன்.

இப்போது திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஃபிளக்ஸை மழைக்கு மல்லாட்டை மூட்டைகள் மேல் போர்த்துகிறார் அப்பா. வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் பழைய மாணவர்கள் சிலர் பாரத்தை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். வரட்டும், எஸ்.ஓ.பி.யைத் திருத்தித் தருகிறேன், கவரை ஒட்டியும் தருகிறேன். முடக்கக் கணக்குத் தொகை 2024 செப்டம்பரில் 11,904 யூரோ ஆகிவிட்டது. அந்த எண்ணை முதலில் வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.